குவைத் பக்கம் திருப்பிய வளையம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் ஒரு பெரிய வளையத்தை மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். தண்ணீர்க் குழாயை வளைத்து அதில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது.

“இது பொஞ்சாதி இரிக்கிற பக்கம் திருப்புற ஏரியல்,” என்றார்.

பக்கத்து இளைஞர் சிரிக்கவில்லை. “எங்க இரிக்காங்க, காக்கா?”

“குவைத்தில, வீட்டு வேலைக்கு. அந்த வீட்டுக் குசினியில நாள் முழுக்க ரேடியோ பாடுமாம். அதே ஸ்டேசனக் கேக்க எத்தின நாளா முறுக்கினன், கரகரப்புத்தான். நேத்து இந்த வளையத்த ரேடியோவில மாட்டி மெதுவாத் திருப்பினன். தெளிவா வந்திட்டு.”

“அரபு விளங்குமா?”

“இல்ல.”

“அவங்கட சத்தமும் அதில வராதே.”

“ஓம், வராது. ஆனா நமக்குப் பொழுது சாஞ்சு மஃரிப் நெருங்கக்குள்ள, அந்த ஸ்டேசனில அங்கத்த பின்னேரத்து அசர் பாங்கு சொல்றாங்க. அதக் கேட்டா அவ அடுப்ப விட்டுப்போட்டுத் தொழப் போவா. மத்த நேரம் அவ என்ன செய்றா எண்டு ஒண்டும் தெரியாது, தம்பி. அந்தக் கொஞ்ச நேரம் தெரியும்.”

“இப்ப எங்க கொண்டு போறீங்க?”

“மாமி வீட்ட. மகள் அங்கதான் வளர்றா. உம்மா தொழப் போற நேரத்த அவளுக்கும் கேக்க வைக்கணும்.”