பால்ராஜ் தனியாகப் பாடும் அடி

இசைத்தட்டில் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, சார். பளபளப்பாக இருந்தால் நல்ல விலைக்குப் போகும் என்று எங்கள் முத்தாபுதுப்பேட்டைக் காலனியில் பாதிப் பேர் தடவித்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் பஞ்சால் ஒற்றி எடுத்து விற்பனைக்கு அடுக்கியது நான். எல்லார் வீட்டுக்கும் கேசட் வந்துவிட்டது. தட்டு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

விற்பனை எங்கள் ரேடியோவுக்காக. ரேடியோ என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம். மாதா கோயில் மாடியில் ஓர் அறை, ஒரு மைக், கூரைமேல் குழாய் ஒலிபெருக்கிகள். காலையில் பாட்டு. சாயங்காலம் அறிவிப்பு: யாருக்குக் கல்யாணம், யார் இறந்தார்கள், தண்ணீர் லாரி வருமா வராதா. பேசுவது நான், சகாயமேரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலனி முழுக்க என் குரல் தெரியும். என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் குறைவு.

ஞானகுமாரி மட்டும் தினமும் அந்த அறைக்கு வருவாள். அவள் புருஷன் பால்ராஜ் இளவயதில் பாடகர் குழுவோடு ஒரு தட்டில் பாடியிருந்தார். ஒரு பாட்டின் நடுவே ஒரே ஓர் அடி, அவருடைய தனிக்குரல். அவர் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அதுதான். அறிவிப்பு முடிந்ததும் வெளி ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு அவளுக்காகப் போடுவேன். பிறகு இருவரும் டீ குடிப்போம். "இன்னிக்கு ஊட்ல இன்னா கொயம்புக்கா?" என்பாள். என்னை அப்படிக் கேட்க வேறு ஆளில்லை.

டேப் வாங்கப்போகிறோம் என்பதால், விற்பனையை நடத்திய பிரகாசம் மாடி அறையில் தட்டு போடும் எங்கள் பழைய பெட்டியையும் மேசைமேல் வைத்தான். "இன்னா மேரிக்கா, இத்தப் பேய் கூட வாங்காது போல கீதே" என்று சிரித்தான். ஞானகுமாரி வாங்கினாள், பால்ராஜ் பாடிய தட்டையும் சேர்த்து.

"இனிமே உனக்குத் தொந்தரவே இல்லக்கா. ஊட்லயே போட்டுக் கேட்டுப்பேன்."

தொந்தரவு. அன்பாகத்தான் சொன்னாள்.

அந்தப் பெட்டியின் இரும்பு உடம்பில் கரண்ட் கசியும், சார். வயரிங் பார்க்க வந்த லோகநாதன் எப்போதோ சொல்லியிருந்தார்: "பலகை மேல நின்னுகினு தொடும்மா. ஈரக் கையோட மட்டும் போயிடாத." மேசைக்குக் கீழே அந்தப் பலகை எப்போதும் கிடக்கும். செருப்போடு அதன்மேல் ஏறித்தான் ஊசியை வைப்பேன். பழகிப்போனதால் யாரிடமும் சொன்னதில்லை. என்னைத் தவிர யாரும் பெட்டியைத் தொட்டதுமில்லை. பலகையை விற்பனையில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

புருஷன் குரலைக் கேட்குமுன் ஞானகுமாரி கைகால் கழுவுவாள், ஜெபத்துக்கு உட்காருவதுபோல. அறைக்கு வெளியே குழாய் இருக்கிறது. ஈரக் காலோடுதான் உள்ளே வருவாள். அவள் வீட்டில் சிமெண்டுத் தரை.

பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றும்போது கேட்டாள்: "அக்கா, இத்தப் பாத்து கீத்து தொடணுமா? எனக்கு மிஷினுன்னாலே பயம்."

"ஒண்ணும் இல்ல குமாரி. சுவிச்சப் போட்டு ஊசிய எடுத்து வை. அவ்ளோதான்."

சொல்லியிருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாளே மாடிக்கு வந்திருப்பாளே என்று நீங்கள் கேட்கலாம். வந்திருப்பாள், பாட்டுக்காக. எனக்காக வரவில்லை என்பதுதான் தெரிந்துபோயிற்றே.

மறுநாள் அறிவிப்பு முடிந்த பிறகு ஒலிபெருக்கியை நிறுத்தாமல் மைக் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அழுதுகொண்டே படியேறி வந்தாள். ஞானகுமாரி இறந்த செய்தியை இரண்டு முறை நிதானமாக வாசித்தேன். குரல் தடுமாறவில்லை என்று பாதிரியாரே சொன்னார்.

பிரகாசத்தை விட்டுவிடுங்கள். ஓட்டைப் பெட்டியை விற்றுக் கொன்றுவிட்டான் என்று அவனை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கரண்ட் கசிவதும், அவள் ஈரக் காலோடு தொடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதுங்கள், சார். நான் அவளை விட்டுப் போகவில்லை. அவள்தான் என்னை விட்டுப் போனாள்.