தொட்டி வாய்க் காவல்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று. வேலை பார்க்கிற இடத்தில் எனக்குக் கிடைத்தது கவிழ்த்துப் போட்ட ஒரு பெயிண்ட் வாளி. சாயங்காலம் எழுந்தால் அதன் விளிம்பு தொடையில் வட்டமாகப் பதிந்திருக்கும். நீங்கள் உங்கள் பாஷையில் கேளுங்கள், பக்கத்தில் இருக்கும் இந்த மொழிபெயர்ப்புத் தம்பி எனக்குச் சொல்லட்டும். ஆனால் நான் பத்து வார்த்தை பேசினால் அவர் உங்களிடம் இரண்டுதான் சொல்கிறார். மிச்சத்தை எந்தப் பையில் போட்டுக்கொள்கிறார் என்று தெரியவில்லை. நான் நிதானமாகவே சொல்கிறேன், அவரும் முழுசாகச் சொல்லட்டும். என் மனைவியின் தம்பி எப்படிச் செத்தான் என்பதுதானே உங்களுக்கு வேண்டும். சொல்கிறேன், அதற்கு முன்னால் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் வெல்டர். ஊரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தேன். ஜன்னல் கிரில், வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி, எங்கள் பகுதியில் நீங்கள் எதைத் தொட்டாலும் நான் பற்றவைத்ததாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு கேட் கழன்று விழுந்ததென்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்டில் ஏறிப் பிள்ளைகள் ஊஞ்சலாடினால் அது விழத்தான் செய்யும். பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் வெல்டர் பொறுப்பாக முடியாது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். வாழ்நாளில் அவர் கையில் பிடித்த நெருப்பு என்றால் சிகரெட் ஒன்றுதான். "கிரில் பத்த வைக்கிற கை பைப்பையும் பத்த வைக்கும்ணே. அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். தொழில் தெரியாதவர்கள்தான் தொழிலாளிக்குத் தரம் பார்த்து விலை வைக்கிறார்கள். நானும் இரும்பு எங்கே போனாலும் இரும்புதானே என்று நம்பினேன். மாமனார் வேன் பிடித்து, சொந்தபந்தம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு வழியனுப்ப வந்தார். அதுவரை என் பட்டறைக்கு ஒரு கொக்கி வேலைகூடக் கொடுக்காதவர்கள் அன்றைக்கு "நம்ம மாப்பிள்ளை, நம்ம மாப்பிள்ளை" என்று தோளில் கைபோட்டார்கள். ஒருவருக்குப் போன் வேண்டும், ஒருவருக்குக் கைக்கடிகாரம் வேண்டும். ஒரு சித்தப்பா தன் மகனுக்கு அங்கே வேலை பார்த்து வைக்கச் சொன்னார், நான் இன்னும் வேலையில் சேரவில்லை என்பதை மறந்துவிட்டு. நானும் எல்லோரையும் வரச் சொன்னேன். "வாங்க, நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வார்கள்.

இங்கே வந்ததும் டெஸ்ட் வைத்தார்கள். ஒரு எவர்சில்வர் குழாயைச் சாய்வாகக் கட்டி, அதை அசைக்காமல் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். பிறகு அதைத் துண்டு போட்டு வளைத்துப் பார்ப்பார்கள். யாராவது வீட்டில் குழாயை வளைத்துப் பார்ப்பார்களா? நான் பற்றவைத்த துண்டு வளைக்கும்போதே பிளந்துகொண்டது. டெஸ்ட் வைத்தவர் அதை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார். அவருக்கு என் முகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். திரும்பி ஊருக்குப் போ, இல்லையென்றால் ஹோல் வாட்ச் வேலை இருக்கிறது என்றார்கள்.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். ஆள் உள்ளே இறங்கி வேலை செய்கிற பெரிய தொட்டிகளுக்கு வட்டமாக ஒரு வாய் இருக்கும். அந்த வாயருகே ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் இறங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி, மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று குறைவாக இருந்தால் மீட்டர் கத்தும். கத்தாவிட்டால் சிவப்பு அட்டையைப் பச்சைக்குத் திருப்ப வேண்டும். மற்றபடி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டறை முதலாளிக்கு இங்கே கிடைத்த வேலை இது, கம்பெனிக் கணக்கில் இதற்கு ஹெல்ப்பர் என்று பேர்.

வீட்டில் "தொட்டி வேலைக்கு நான்தான் பொறுப்பு" என்று சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஒருவனிடம் வெல்டிங் மாஸ்க்கை இரவல் வாங்கிப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். மாஸ்க் போட்டால் முகம் தெரியாது, ஆகவே அதிலும் பொய் இல்லை. மாமனார் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். மனிதர்கள் எதையும் மாட்டுவார்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். என் மச்சினன் வந்து சேர்ந்தான்.

மனைவிக்கு ஒரே தம்பி. அதிகம் பேசாதவன், ஊரில் அவனை ஊமை என்றே கூப்பிடுவார்கள். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் வெல்டர் ஆக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டதாம். எவரும் சொல்லாமலே போய் ஆர்கான் வெல்டிங் கற்றான், இன்டர்வியூவில் தேறினான், ஏஜெண்ட்டுக்குக் கும்பிடு போடாமல் வந்து இறங்கினான். இத்தனை கம்பெனி இருக்க எங்கள் கம்பெனிக்கே வந்தான். அந்தக் குழாய் டெஸ்ட்டில் முதல் தடவையே பாஸ். என் முகத்தைப் பிடிக்காத அதே ஆள் இவனுக்குக் கை கொடுத்தார்.

என்னிடம் சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்த நினைத்தானாம். ஒரு காலைப்பொழுதில் புது மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு என் தொட்டிக்கு வந்தான். நான் வாளிமேல் உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, நீங்களா? இங்க என்ன பண்றீங்க?"

"மேற்பார்வை" என்றேன்.

அவன் வாளியைப் பார்த்தான், என் கழுத்தில் தொங்கிய மீட்டரைப் பார்த்தான், கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து கையுறையை மாட்டிக்கொண்டான். சிரித்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு அத்தோடு விட்டிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தான். இரக்கம் என்பது எவ்வளவு திமிர் பிடித்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவன் தொல்லை தாங்கவில்லை. "மாமா, லீவு நாள்ல வாங்க. ஒர்க்‌ஷாப் சாவி கேட்டு வச்சிருக்கேன். நாலு வாரம் கை பழகினீங்கன்னா டெஸ்ட் ஒண்ணுமே இல்ல" என்றான். போனேன். போகாவிட்டால் இன்னும் இரக்கப்படுவான். பொண்டாட்டி தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு "இறுக்கிப் பிடிக்காதீங்க மாமா, லூசா விடுங்க" என்று என் மணிக்கட்டைத் தொட்டுத் திருத்தினான். நான் பற்றவைத்ததைத் தேய்த்துப் பார்த்துவிட்டு "பரவால்ல மாமா" என்பான். அருமையான வேலை அது. பரவாயில்லையாம். ஃபோர்மேனிடம் பேசி எனக்கு மறுபடி டெஸ்ட்டுக்கு நாளும் வாங்கிவிட்டான். நான் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் மனைவி போன் செய்தாள். அதையும் இதையும் பேசிவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, தம்பி சொன்னான், நீங்க ஏதோ வெல்டர் டெஸ்டுக்குப் போறீங்களாமே. இத்தனை நாளா வெல்டராத்தானே இருக்கீங்க?"

"இது மேல் கிரேடு" என்றேன்.

"ஓ" என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அவள் என்னைக் கேள்வி கேட்டதும் இல்லை, இப்படி "ஓ" என்றதும் இல்லை. அன்று சாயங்காலமே மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா துருவித் துருவிக் கேட்டுச்சு மாமா. எனக்குப் பொய் சொல்ல வாய் வரல. பாதிதான் சொன்னேன். நீங்க பாஸ் ஆயிட்டா மிச்சத்தைச் சொல்லவே வேணாம்ல?"

"ஃபெயில் ஆயிட்டா?"

"அப்படியெல்லாம் ஆகாது மாமா" என்றான். பிறகு, "ஆனாலும் என்ன, அக்காகிட்ட உள்ளதச் சொல்லிடுவோம். அது புரிஞ்சுக்கும்" என்றான்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள் ஐயா, எல்லாம் இதில்தான் இருக்கிறது. சொல்லிவிடுவோம் என்றான். என் மனைவியிடம் என்னைப் பற்றிச் சொல்வதற்கு அவன் முடிவெடுத்துவிட்டான். அவளுக்குத் தெரிந்தால் மாமனாருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் அந்த வேனில் வந்த அத்தனை பேருக்கும் தெரியும். கூடத்தில் மாட்டிய படத்தைக் கழற்றுவார்கள். கழற்றாமல் விட்டாலும் விடுவார்கள், வருகிறவர்களிடம் காட்டிச் சிரிப்பதற்கு. என்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்பது ஒரு ஊமையின் வாயில் இருந்தது. டெஸ்ட்டில் நான் தேறியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டெஸ்ட் வைக்கிறவருக்கு என் முகம் பிடிக்க வேண்டுமே.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானம். எவர்சில்வரை வெளியிலிருந்து பற்றவைக்கும்போது உள்பக்கம் கருகாமல் இருக்கத் தொட்டி நிறைய ஆர்கான் வாயுவை விடுவார்கள். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொண்டு நல்ல காற்றை வெளியே தள்ளிவிடும். அதற்குள் இறங்குகிறவனுக்கு மூச்சு முட்டாது, இருமல் வராது. சாதாரணமாக மூச்சை இழுப்பான், இரண்டாவது இழுப்புக்கு நினைவு இருக்காது. அதனால்தான் வேலை முடிந்ததும் ஊதுகுழாய் வைத்து வாயுவை வெளியேற்றிவிட்டு, மீட்டர் இறக்கிப் பார்த்து, அப்புறம் ஆளை இறக்குவது. பயிற்சி வகுப்பில் நான் கவனமாகக் கேட்டவன்.

அன்றைக்கு அவன் வெளியே பற்றவைத்து முடித்துவிட்டு, உள்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க இறங்க வேண்டியிருந்தது. அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் மீட்டரை இறக்கினேன். பாதியிலேயே கத்தியது. சத்தத்தை நிறுத்தினேன். ஊதுகுழாயைப் போடவில்லை. அட்டையைப் பச்சைக்குத் திருப்பினேன். திரும்பி வந்தவன் வாயருகே குனிந்து கேட்டான்.

"பாத்துட்டீங்களா மாமா?"

"பாத்தாச்சு. இறங்கு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் மீட்டரை வாங்கித் தானும் ஒருமுறை இறக்கியிருப்பான். அவன் வேலையில் அவ்வளவு சுத்தம். மாமா சொல்லிவிட்டதால் இறங்கினான். இதை நான் அவன்மேல் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொந்தக்காரன் சொன்னால் மீட்டர் தேவையில்லை என்று சொல்லித் தரவில்லை.

உள் ஏணியில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மாஸ்க் தகட்டில் விழுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், களைத்துப் போனவன் உட்காருகிற மாதிரி. ஆள் விழுந்துவிட்டால் ஹோல் வாட்ச் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக் கூடாது, ஆபத்துச் சங்கை ஊத வேண்டும் என்பது விதி. நான் இறங்கவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சங்கை ஊதினேன். எவ்வளவு பொறுத்து என்று கேட்காதீர்கள், போதுமான அளவு பொறுத்து. ஃபோர்மேன் ஓடிவந்தவர், அந்தக் குழப்பத்திலும் என் முதுகைத் தட்டி, பதறிப்போய்க் குதிக்காமல் இருந்தாயே, நீதான் சரியான ஆள் என்றார். இந்தக் கம்பெனியில் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

தம்பி, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லுங்கள், ஐயா காத்திருக்கிறார்.

மேலே சாரத்தில் நின்று பெயிண்ட் அடித்தவன் மீட்டர் கத்தியதைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறான். உண்மைதான், அவனை மேற்கொண்டு தொந்தரவு செய்ய வேண்டாம். நானே சொல்லிவிட்டேன்: மீட்டர் கத்தியது, எனக்குத் தெரியும், தெரிந்துதான் இறங்கச் சொன்னேன். கோபத்தில் செய்ததல்ல. அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது. நல்ல பையன்.

உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டிவருவதற்கு முன்னால் வீட்டுக்குப் பேசினேன். நான் உள்ளே வெல்டிங் பார்த்துவிட்டு மேலே வந்த நேரம், வெளியே காவலுக்கு இருந்த தம்பி என்னைக் கேட்காமல் இறங்கிவிட்டான் என்று சொன்னேன். பாவம், புது ஆள், வெல்டராக வந்தாலும் ஆரம்பத்தில் ஹெல்ப்பர் வேலைதானே என்றேன். மனைவி போனைக் கீழே போட்டுவிட்டாள். மாமனார் எடுத்தார். வெகு நேரம் அழுதுவிட்டு, "நீங்களாவது பத்திரமா இருங்க மாப்பிள்ள. எங்களுக்கு இனி நீங்கதான்" என்றார்.

கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். கொன்றவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கொன்றேன், அதில் நான் ஒன்றும் மறைக்கவில்லை. ஆனால் இதன் நகல் ஊருக்குப் போகும் என்கிறார் இந்தத் தம்பி. அப்படியானால் தொழில் என்று கேட்டிருக்கும் இடத்தில் மட்டும் ஹெல்ப்பர் என்று போட்டுவிடாதீர்கள் ஐயா, வெல்டர் என்று போடுங்கள்.