சின்ன ரு

இல்ல நாநா, உள்ளுக்கு வர ஏலா. புள்ளட வாப்பா ஊட்டுல இல்ல. வெராந்தாவுல கதிர ஈக்கி, அதுல இரிங்க. நான் திரைக்கு இங்கால நிண்டே பேசுறேன். கேக்குந்தானே? தேத்தண்ணி மவள்ட கையில அனுப்பினேன், எடுங்க.

தெரியும், ரிஸ்மி நாநாதான். சந்தியில எலக்ட்ரிக் கட வெச்சீக்கிற, இவரோட ஒண்டாப் படிச்ச ரிஸ்மி நாநா. ஆனா ஒண்டு கேக்கோணும், கோவிக்கப்படாது. இவரு இண்டைக்கு ஊட்டுல இல்லெண்டு ஒங்களுக்கு யாரு சென்ன? ஓ, குட்ஷெட்டுல பஸ் ஏறக்குள்ள கண்டீங்களா. கண்டுட்டா இங்க வந்தீங்க? சரி சரி. சும்மா கேட்டேன்.

கவல விசாரிக்க வந்தீங்களா. ம். கவலதான். அடுத்த ஊட்டு அகீலாட ரெண்டு வெரல் பேக்கரி மெஷின்ல போன நாள்லருந்து எங்களுக்குச் சோறு எறங்கல்ல. கை போகாமக் காக்கோணுமெண்டு மெஷின்ல பூட்டீந்த பொட்டியில அரூஸ்ண்டு இவருட பேர் ஒட்டீந்துச்சாமே. அந்தப் பேக்கரிக்கு இவரு ஒண்டுமே விக்கல்ல. செல்லி யாரு நம்புற? மொதலாளி அண்டைக்கே பொட்டியக் கழட்டி எங்கயோ குடுத்துட்டாரு. யார்ட்ட வாங்கினண்டும் வாய் தெறக்கிறாரில்ல. நாளைக்கு பொலிஸுக்கு வரட்டாம் இவர.

இவரு செஞ்ச புதுப் பொட்டியா? ஈக்கி, மேசயில. இல்ல நாநா, தர ஏலா. ஒரு நாளைக்கும் ஏலா. கவலைக்கு வந்த ஆளுக்குப் பொட்டி என்னத்துக்கு?

ஓ, புதுசுல அப்படி என்ன ஈக்கிண்டு பாக்கவா. இவரு எனக்கு விளங்கப்படுத்தினதச் செல்றேன், கேளுங்க. மெஷினுக்குக் கிட்டக் கை போனா டக்கெண்டு நிப்பாட்டுற பொட்டிதானே. மொதப் பொட்டியில வேல செய்ற சிப்பு ஒண்டு, பக்கத்துல எட்டுக் காலோட குட்டிச் சிப்பு ஒண்டு. கரண்ட் போனா பெரிசு எல்லாத்தையும் மறந்துடும். வந்தா குட்டியில எழுதீக்கிறத முதல்லருந்து வாசிக்கோணும். வாசிச்சு முடியிற மட்டும் மெஷினப் பாக்க ஆளில்ல. கண்ண மூடித் தெறக்கிற நேரம்தான். வெரல் போக அது காணும். அது தெரிஞ்ச ஒடன, அந்தப் பொட்டிய விக்க மாட்டேன்டுட்டாரு.

புதுசு பிளாஷ் சிப்பு. வேற குட்டி கிட்டி ஒண்டுமில்ல, எல்லாம் அதுக்குள்ளேயே. பழசு கிதாபப் பாத்து ஓதுற புள்ளயாம், புதுசு பாக்காம ஓதுற ஹாபிழாம். நெஞ்சுக்குள்ள ஈக்கி. கரண்ட் போனாலும் மறக்காது, வந்த ஒடன முழிப்பு. கிதாபுண்டா எவனும் எடுத்துட்டுப் போய்க் கொப்பி அடிச்சிடலாம். நெஞ்சுல ஈக்கிறத எப்பிடி எடுக்கிற?

ஏன் சிரிக்கிறீங்க? எந்தப் பூட்டையும் தெறக்கலாமா? இவரும் அதத்தான் சென்ன. வெளிநாட்டுல பெரிய பெரிய மெஷின் வெச்சீக்கிறவன் ஒரு வேள தெறப்பானாம். கடையில வெச்சுத் தெறக்க ஏலாதாம்.

வயர் புடிச்சு வாசிச்சாலும் ஏலாதாண்டா கேக்குறீங்க? வயர்ண்டு நான் செல்லவே இல்லியே நாநா.

சரி, தொழில் தெரிஞ்ச ஆள், கேப்பீங்கதானே. தேத்தண்ணி ஆறுது.

பாஸ்வேர்டா! யா அல்லாஹ், என்னட்டயா கேக்குறீங்க? நான் ஆறாம் வகுப்போட நிண்டவ. எனக்கு எழுத்தே ஒழுங்கா வராது. இவரு மொதப் பொட்டி செய்யக்குள்ள, ஸ்க்ரீன்ல காட்டுறதுக்கு ஒரு சொல்லு தமிழ்ல எழுதித் தரச் சென்னாரு. பேக்கரிப் புள்ளைகளுக்கு இங்கிலீஷ் விளங்காதே. நிறுத்துண்டு எழுதோணும். நான் பெரிய று போடுற எடத்துல சின்ன ரு போட்டுட்டேன். அப்பிடியே அந்தக் குட்டிச் சிப்புக்கும் போட்டுட்டாரு. பொறகு கண்டுட்டு அவரு சிரிச்ச சிரிப்பு! மூணு நாளைக்கு எனக்கு டீச்சர்ண்டுதான் பேர். வெக்கத்துல நானே அழுத்தி அழுத்தி எழுதிப் பழகினேன். அதுக்குப் பொறகு செஞ்ச எல்லாத்துலயும் பெரிய றுதான்.

சின்ன ரு போட்டது அந்த ஒண்டுதான். ஞாபகமில்லியா? ஆக்களுக்குக் காட்டோணுமெண்டு ஒரு கெழமைக்கு ஒங்கட கடைக்குக் கொண்டு போனீங்களே, அதுதான். வேற ஊட்டுக்கோ கடைக்கோ போகல்ல அது. நீங்க திருப்பித் தந்த அண்டைக்குத்தான் எழுத்தையே கண்டாரு. அண்டைக்கே கழட்டிப் போட்டாரு.

எழும்பிட்டீங்களா? என்ன அவசரம்? இரிங்க, ஒரு சின்ன ஒதவி செஞ்சிட்டுப் போங்க.

நேத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போன. அகீலாவப் பாக்க. அவ அழுதா, நானும் அழுதேன். மொதலாளி யார்ட்ட வாங்கினண்டு அவக்குத் தெரியாதாம். நான் அதக் கேக்கவுமில்ல. மெஷின்ல பூட்டீந்த பொட்டியில என்ன எழுதீந்துச்சு, அத மட்டும்தான் கேட்டேன். தெனமும் பாத்த சொல்லுதானே, மறக்குமா? வலக்கை கட்டுப் போட்டீக்கி. மருந்துத் துண்டுட பின் பக்கத்துல இடக்கையால கோணல் மாணலா எழுதித் தந்தா. பொலிஸுக்கு இவரு கொண்டு போறது வேற துண்டு. அத அவ இன்னொருக்கா எழுதித் தந்த. இது எனக்கு.

இந்தாங்க, திரைக்குக் கீழால நீட்டுறேன். புடிங்க.

வாசிச்சுக் காட்டுங்க நாநா. ரெண்டாவது எழுத்து சின்ன ருவா, பெரிய றுவா? எனக்குத்தான் எழுத்து ஒழுங்கா வராதே.