அப்பாவுக்கு ஒரு ஃபிளாஸ்க் சூப்பு

— அந்த ஃபிளாஸ்க்கை மூடாதீங்கம்மா. அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக் கூடாது.

— சும்மா இரு ஜோலின். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, சூரியன் விழறதுக்குள்ள அடுப்பை அணைக்கணும். ஓய்வுநாள் பொறந்துட்டா நான் கரண்டியைத் தொட மாட்டேன், மறந்துட்டியா? மறந்திருப்பே. சனிக்கிழமையும் டயர் கடையைத் தொறந்து வெச்சு உக்காந்திருக்கிறவதானே நீ.

— திட்டணும்னா அப்புறமாத் திட்டிக்குங்க. என்ன போட்டிருக்கீங்க இதுல?

— உருளைக்கிழங்குத் தோல், கேரட், செலரி, ஒரு கட்டு பார்ஸ்லி. மதியத்துலேர்ந்து கொதிக்குது. இந்த வீட்ல யாரு படுத்தாலும் இதுதான் மருந்து. உனக்கு அம்மை போட்டப்போ இதைக் குடிச்சுத்தான் எழுந்தே. சத்தெல்லாம் தோல்லதான்டி இருக்கு.

— அந்தச் சத்துதாம்மா அவருக்கு ஆகாதுங்கிறாங்க.

— யாரு, அந்தச் சின்னப் பையன் டாக்டரா? பன்னிக்கறி சாண்ட்விச்சைக் கையில வெச்சுக்கிட்டு என்கிட்ட வந்து பேசினான். அவன் எனக்குச் சாப்பாடு சொல்லித் தரணுமாக்கும்!

— அந்தப் பையன்தான் காலையில அப்பா மேல ஏறி உக்காந்து, நின்னுபோன நெஞ்சை அமுக்கி அமுக்கித் திரும்ப ஓட வெச்சான்.

— ஓட வெச்சது கர்த்தர். அவன் கை, அவ்வளவுதான். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். அதைச் சொல்லிக்கிட்டேதான் இந்தத் தோலையெல்லாம் சீவினேன்.

— கொஞ்சம் உக்காருங்கம்மா.

— உக்கார நேரம் ஏதுடி? நாளைக்குச் சபைச் சாப்பாட்டுக்கு வால்நட் ரொட்டி அடுப்புல இருக்கு. பாஸ்டர் வேற, உங்கப்பா ஆர்லோவுக்காக ஜெபிக்கிறப்போ நான் ரெண்டு வார்த்தை பேசணும்னு சொல்லியிருக்காரு.

— இன்னிக்குக் காலையில அப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?

— தினம் குடுக்கிறதுதான். பெரிய டம்ளர்ல கீரைச்சாறு. பசலையும் பீட்ரூட் இலையும், நம்ம மரத்து ஆரஞ்சைப் பிழிஞ்சு அடிச்சது. அப்புறம் பீன்ஸ், மேல தக்காளி, அரை அவகாடோ. உப்புக் கல்லு ஒண்ணு கூடக் கிடையாது. நெஞ்சு ஆப்பரேஷன் ஆனதுலேர்ந்து அந்த டப்பா உப்புதான், "உப்பில்லாத உப்பு"ன்னு விக்கிறாங்களே, அது. என்ன குறை கண்டுட்டே? இதைச் சாப்பிட்டுத்தானே அந்த மனுஷன் ஊன்றுகம்பை வீசிட்டு வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மலையில ஏறினாரு?

— அவருக்குக் கிட்னி போயிடுச்சும்மா.

— என்னது?

— ரெண்டும். நீங்க சொன்ன அத்தனையிலயும் பொட்டாசியம் இருக்கு. நமக்கெல்லாம் அது நல்லது. கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு வெளிய போகாம ரத்தத்துலயே தங்கிடுமாம். தங்கித் தங்கி நெஞ்சை நிறுத்திடுமாம். அந்த டப்பா உப்பு இருக்கே, அது முழுக்கப் பொட்டாசியம்தான்.

— வாயைக் கழுவு. கர்த்தர் முளைக்க வெச்ச இலை ஆளைக் கொல்லுமா?

— இன்னொரு தடவை நின்னா திரும்ப ஓடாதுன்னுட்டாங்க. ராத்திரி மிஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணப் போறாங்க. இந்த ஃபிளாஸ்க்கை நீங்க நீட்டினா அவரு வாங்கிக் குடிச்சிடுவாரு. எனக்கு அதுதாம்மா பயமா இருக்கு.

— அப்ப அவங்க என்னத்தைத்தான் குடுக்கப் போறாங்களாம்?

— வெள்ளை ரொட்டி. வெள்ளைச் சோறு. ஒரு முட்டை.

— வெள்ளை ரொட்டியா! கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வாசப்படியை மிதிக்காத சாமான். உங்கப்பா துப்பிடுவாரு.

— சாயங்காலம் ரெண்டு துண்டு சாப்பிட்டாரு. "நல்லா இருக்கு"ன்னாரு.

— பொய் சொல்லாதே.

— நான்தான் ஊட்டி விட்டேன்.

— விடு. ஃபிளாஸ்க்கை விடுடி. கை சுட்டுக்கப் போறே. நீ சொல்றது நெசம்னா எனக்கு ஏன் யாரும் சொல்லலை? அவரு டாக்டர் சொன்ன நாள் தவறாம டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கப் போவாரே! வந்து சொல்லுவாரே, "எல்லாம் சரியா இருக்கு வெல்மா, கீரையை மட்டும் விட்டுடாதேன்னாரு டாக்டர்"னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாருடி!

— டாக்டர் அப்படிச் சொல்லலை. எதையெல்லாம் தொடக் கூடாதுன்னு மாசக்கணக்குக்கு முன்னாடி, நம்ம ஆரஞ்சு மரம் பூத்தப்பவே சொல்லிட்டாரு. அப்பாதான் உங்ககிட்ட மறைச்சிட்டாரு.

— என்கிட்ட ஏன் மறைக்கணும்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

— சபையில நீங்க நடத்துற சமையல் வகுப்புல எல்லார் முன்னாடியும் அவரை எழுப்பி நிறுத்தினீங்களே, "என் சாப்பாட்டுக்கு இவருதான் சாட்சி, கை தட்டுங்க"ன்னு. அன்னிக்குத்தான் டாக்டரைப் பார்த்துட்டு நேரா அங்க வந்திருக்காரு. "உங்கம்மா மூஞ்சில அவ்வளவு வெளிச்சம், சொல்ல வாய் வரலை"ன்னாரு. இன்னிக்கு ஆஸ்பத்திரியிலதான் இதையெல்லாம் என்கிட்டச் சொன்னாரு, உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு கெஞ்சினாரு. நான் சொல்லிட்டேன். எனக்கு அவரு மேல கோவம் கோவமா வருதும்மா. உங்க மேலயும்தான்.

— தெரிஞ்சா குடிச்சாரு?

— தெரிஞ்சேதான்.

— ஆகாதுன்னு தெரிஞ்சா, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் தொட்டியில ஊத்திட வேண்டியதுதானே! நான் எங்க பார்க்கப் போறேன்?

— அதையே நானும் கேட்டேன். ஒரு நாள் ஊத்தப் போனாராம், முடியலையாம். "உங்கம்மா கையைப் பிடிச்சுக் கர்த்தருக்கு நன்றி சொன்ன சாப்பாட்டை எப்படிம்மா கீழ கொட்டுறது"ன்னாரு.

— அட மடையா. அட என் மடையா.

— அம்மா... அழாதீங்க. அவரு இன்னும் உசுரோடதானே இருக்காரு. மிஷின் பார்த்துக்கும். நீங்க வெறுங்கையோட வாங்க, அது போதும். பக்கத்துல உக்காருங்க.

— அடுப்பை அணைச்சிடு ஜோலின்.

— ரொட்டி இன்னும் வேகலையே?

— அணைச்சிடுன்னேன். சாப்பிடறதுக்கு முன்னாடி உங்கப்பா ஜெபம் பண்ற லட்சணம் உனக்குத் தெரியுமே?

— தெரியாமயா? ரெண்டே வார்த்தை. நான் கண்ணை மூடறதுக்குள்ள கரண்டியை எடுத்துடுவாரு. நீங்க முறைப்பீங்க.

— இந்த வருஷம் நீளமாயிடுச்சுடி. கண்ணை மூடி என் கையைப் பிடிச்சாருன்னா விடவே மாட்டாரு. வாய்க்குள்ளயே என்னமோ சொல்லுவாரு. கையெல்லாம் நடுங்கும். ஆவியானவர் தொடறாருன்னு நினைச்சேன். சபையில கூட எழுந்து சொன்னேன், நம்ம ஆர்லோவுக்கு நன்றியுணர்ச்சி எப்படிப் பெருகிப்போச்சு பாருங்கன்னு.

— போதும்மா. சாவியை எடுத்துக்குங்க, கிளம்பலாம்.

— இரு, சொல்லி முடிச்சிடறேன். சாறு அடிச்ச உடனே குடிக்கணும், இல்லாட்டி சத்து போயிடும். அதனால தினமும் நான்தான் பொறுக்காம நடுவுல "ஆமென்"னு சொல்லி, அவரு விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு, டம்ளரைக் கையில திணிச்சேன்.