மாக் யுக்-லானிடம் நான் சொல்லாதது

எங்கள் குவாங்சௌவில் மூக்கில் லேசாக ரத்தம் வந்தால் யாரும் பதறமாட்டார்கள். உடம்புச் சூடு என்று ஒரு கோப்பை கசப்புக் கஷாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். மாக் யுக்-லானும் அப்படித்தான் செய்தாள்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். அவள் தாவர வேதியியல்காரி. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில் வரும் புற்றுநோய் எங்கள் பக்கம் அதிகம். ஒரு கொடியின் வேரிலிருந்து அவள் பிரித்தெடுத்த மஞ்சள் பொருள், அந்தப் புற்றுச் செல்களைத் தாமாகவே மடிய வைத்தது. நல்ல செல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. அவள் சோதித்த கட்டித் துண்டுகள் அத்தனையும் என் நோயாளிகளுடையவை. ஆனாலும் விருந்துகளில் எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் பேராசிரியர் லியுங், மதிப்புக்குரியவருக்கென்று ஒதுக்கும் மீனின் கன்னச் சதையை எடுத்து அவள் கிண்ணத்தில்தான் வைப்பார்.

“கூங், நீ துண்டு வெட்டிக் குடுத்தே. மூளையைக் குடுத்தது அவ,” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வசந்தத்தில் அவள் என் அறைக்கு வந்தாள்.

“அண்ணா, காதுக்குக் கீழே உருண்டையா ஏதோ தட்டுப்படுது. வலியே இல்லை.”

மூக்கில் மரமரப்பு மருந்து தெளித்து, குழாய்க் கருவியை விட்டுப் பார்த்தேன். கட்டி இருந்தது. சிறியது. கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும் நிலை. ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தேன். அவளுக்குத் தெரியவில்லை.

“சளிதான். அதனால நெறி கட்டியிருக்கு. நல்லாத் தூங்கு.”

“அப்பாடா. அந்த நோயோடவே குடித்தனம் பண்றேன் இல்லையா, கெட்ட நினைப்பாவே வருது.”

கோடையில் மறுபடி வந்தாள். அதையே சொன்னேன். குளிர்காலத்தில் வேறொரு மருத்துவமனையில் கண்டுபிடித்தபோது எலும்புவரை போயிருந்தது. பார்க்கப் போன எனக்கு அவள்தான் ஆறுதல் சொன்னாள்.

“அப்போ கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு வளரலை போல. நீங்க மனசைக் குழப்பிக்காதீங்க.” பிறகு கேட்டாள்: “என் மருந்து என் கட்டிமேல வேலை செய்யுமா, அண்ணா?”

“யாருக்குத் தெரியும்?” என்றேன்.

எனக்குத் தெரியும். கிள்ளிய துணுக்கைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவளுடைய மஞ்சள் பொருளை விட்டுப் பார்த்திருந்தேன். என் நோயாளிகள் எவருடைய செல்களும் அவ்வளவு சுத்தமாகச் செத்ததில்லை. தட்டில் சாவது உடம்பிலும் சாகும் என்று அர்த்தமில்லைதான். ஆனால் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அதுவும் அவளுடைய வெற்றியாகியிருக்கும்.

அவளைப் புதைத்தாயிற்று. இவ்வளவையும் விசாரித்துக் கேட்டுவிட்டு நீங்கள் பொறாமை என்கிறீர்கள், ஐயா. பொறாமைக்காரனாக இருந்தால் அவள் மருந்தைச் சாக்கடையில் கொட்டியிருப்பேன். நான் அதைப் பத்திரமாகக் காப்பாற்றி, என் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.