ஏரிக்கரைத் தொட்டி குறித்து நான் மறைத்தவை

என் பெயர் பலராமன், வயது 54, த/பெ. காலஞ்சென்ற ஏகாம்பரம், பெருமாள் கோயில் தெரு, சேரப்பணஞ்சேரி. மேற்படி முகவரியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்துள்ளேன். சென்ற மார்ச் மாதம் 12ஆம் தேதி கட்டுமான இடத்தில் மண்ணாங்கட்டி என்பவர் இறந்தது தொடர்பாக இதே காவல் நிலையத்தில் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்துள்ளேன். அதில் நான் சொன்னது பொய். இன்று யாரும் அழைக்காமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் இருந்த முலாம் பூசும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் ஃபிட்டராக வேலை செய்தேன். அங்கே ஏரியை ஒட்டி, தரைக்கடியில் கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. 2009இல் அதை உள்ளிருந்த கசடோடு அப்படியே கான்கிரீட் பலகை போட்டு மூடி, மேலே மண்ணைத் தள்ளினோம். பலகைகளை வரிசைப்படுத்தி வைத்தவர்களில் நானும் ஒருவன். பிறகு தொழிற்சாலை மூடப்பட்டது. இரண்டு வருடம் முன்பு அந்த இடத்தை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கி, ஏரியைப் பார்த்தபடி அடுக்குமாடி வீடுகள், கடைகள், அலுவலகங்கள், கரையோர நடைபாதை என்று கட்டத் தொடங்கியது. பழைய ஆள், எல்லா இடமும் தெரிந்தவன் என்று என்னைச் சைட் சூப்பர்வைசராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு மண் பரிசோதனைக்கு ரஞ்சனி என்ற பெண் வந்தார். அவர் வருவதற்கு முந்தின நாள் திட்ட மேலாளர் சங்கரநாராயணன் என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பழைய தொட்டிக் கதையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கினு இருக்காதீங்க. ஒரு வருசம் வேலை நின்னுடும்” என்றார். கட்டி முடித்ததும் வளாகம் முழுவதற்கும் நான்தான் பொறுப்பு என்றும் சொன்னார். எங்கள் தெருவில் அப்படி ஒரு பதவி யாருக்கும் கிடைத்ததில்லை. மறுநாள் ரஞ்சனி, “ஐயா, கழிவுத் தொட்டி எந்தப் பக்கம் இருந்துச்சு?” என்று கேட்டபோது, கேன்டீன் இருந்த இடத்தைக் காட்டினேன். அவர் இன்னொரு முறையும் கேட்டார். அப்போதும் அதையே காட்டினேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு அங்கே துளையிட்டு மண் எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு மார்ச் 12ஆம் தேதி காலை சுமார் பதினொரு மணிக்கு நடைபாதைக்காகப் பொக்லைன் தோண்டிக்கொண்டிருந்தபோது கான்கிரீட் பலகை ஒன்று உடைந்து உள்ளே சரிந்தது. நான் இருபதடி தூரத்தில் நின்றிருந்தேன். பலகையின் விளிம்பைப் பார்த்ததுமே எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் தெருக்காரரான மண்ணாங்கட்டி குனிந்து பார்த்துவிட்டு, “இன்னாண்ணே இது, கீழ ரூம் மாதிரி கீது?” என்று என்னைத்தான் கேட்டார். நான், “பழைய தண்ணித் தொட்டியா இருக்கும்” என்றேன். பலகையைத் தூக்கச் சங்கிலி மாட்டுவதற்காக அவர் ஏணி வைத்து இறங்கினார். இறங்காதே என்று நான் சொல்லவில்லை. ஐந்தாறு படிதான் இறங்கியிருப்பார். இருமினார், ஏணியிலிருந்து கை நழுவி உள்ளே விழுந்தார். அழுகிய முட்டை போன்ற விஷவாயு நாற்றம் மேலே வரை வந்தது. தீயணைப்புத் துறையினர் வந்து தூக்கியபோது உயிர் இல்லை. சங்கிலியை மட்டும் கையில் சுற்றிப் பிடித்திருந்தார்.

அதன் பிறகு சங்கரநாராயணன் சொன்னபடி, மண்ணாங்கட்டி குடித்திருந்தார், தடுத்தும் கேட்காமல் இறங்கினார் என்று இங்கே வாக்குமூலம் கொடுத்தேன். அவருடைய மனைவி கங்காவிடமும் அதையே சொன்னேன். அவர் என்னை அண்ணன் என்று கூப்பிடுபவர்.

காரியம் முடிந்த நான்காம் நாள் கங்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, “எத்தினி வருசமாண்ணா குடிச்சிக்கினு இருந்தாரு? எனக்கு ஒரு நாளும் வாசனையே வரலியே. எங்க வச்சிக் குடிப்பாரு?” என்று கேட்டார். சண்டை போட வரவில்லை. நான் சொன்னதை நம்பித்தான் கேட்டார். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவரை விட்டுவிட்டு என் பேச்சை நம்பியிருந்தார். கணவர் படத்துக்கு மாலை போடுவதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். நான் தெரியாது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். என் மனைவி தட்டில் போட்ட சோற்றை என்னால் தொட முடியவில்லை.

இன்று காலை கங்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். மண்ணாங்கட்டி குடிக்கவில்லை, அங்கே கழிவுத் தொட்டி இருந்தது எனக்குத் தெரியும், தெரிந்துதான் இறங்கவிட்டேன் என்று சொன்னேன். அவர் துடைப்பத்தைக் கீழே போட்டார். அடிப்பார் என்று நினைத்து நின்றேன். அவர், “அப்போ அவரு என்னை ஏமாத்தல?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

எதிரே குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காட்டி, “அவங்க காதுல வுழற மாதிரி இன்னொரு தபா சொல்லு” என்றார். அண்ணா என்று கூப்பிடவில்லை. நான் சத்தமாகச் சொன்னேன். ஒரு பெண் குழாயை மூடினார். கங்கா, “குடிக்கலன்னு மறுபடி சொல்லு” என்றார். சொன்னேன். அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்தேன்.

என்னை யாரும் மிரட்டவோ தூண்டவோ இல்லை. ஆய்வாளர் எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் உள்ளவை அனைத்தும் உண்மை. முதலில் கொடுத்ததைப் பொய் என்றே வைத்துக்கொள்ளவும்.

(ஒப்பம்)
ஏ. பலராமன்