நாற்பது வினாடி

— நீங்க கை வச்சுட்டுப் போன நாள்லேருந்து இந்த ஸ்கேனர் பேப்பரைப் பார்த்தாலே யோசிக்க ஆரம்பிச்சுடுது தம்பி. போன வாரம் பன்னிரண்டு பக்கம் ஸ்கேன் பண்ணேன். அது முடியறதுக்குள்ள குளிச்சு, துணி காயப்போட்டு, உங்க அண்ணனோட ஒரு சண்டையும் போட்டு முடிச்சுட்டேன்.

— மெஷின் யோசிக்கலை அண்ணி, பழுக்குது. உள்ளே விளக்கு ஒண்ணு இருக்கில்ல, அது நல்லாப் பழுத்தாத்தான் எழுத்து பளிச்சுனு விழும். சத்தியமா சொல்றேன், இந்த சூட்சுமம் தெரிஞ்ச ஆள் ஊர்ல நான் ஒருத்தன்தான். நேத்து ஒரு வக்கீல் இதே மாடலைக் கைக்குழந்தையாட்டம் மடியில வச்சுக்கிட்டு மூணு பஸ் மாறி நம்ம கடைக்கு வந்தார்.

— அந்த வக்கீலுக்குக் கேஸே இல்லை போலிருக்கு. இருங்க, மூடியைக் கழட்டாதீங்க. அஞ்சு மணிக்குள்ள நான் ஒரு பதில் அனுப்பியாகணும்.

— யாருக்கு? அந்த ஜெர்மன் கோஷ்டிக்கா? இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?

— கோஷ்டி இல்லை, குழு. ஸ்கேனரைக் கம்ப்யூட்டரோட சேர்த்து எப்படி அமைக்கணும்னு சொல்ற கையேட்டை எழுதற குழு. இங்கிலீஷ்ல எவனாவது ஒரு வரியை மாத்தினா ஜெர்மன்லயும் அந்த வரியை நான் மாத்தணும். பதினாறு வருஷமா செய்யறேன். பதினாறு தடவையாவது உங்ககிட்ட சொல்லியிருப்பேன். உங்களுக்குத்தான் காது வாசல்ல நிக்குமே, உள்ளே வராது.

— சம்பளம் இல்லாத உத்தியோகம் எதுவும் என் காதுல ஏறாது அண்ணி. அதுவும் ஜெர்மன்காரனுக்குக் கையேடு. மூணு வருஷம் அவங்க கம்பெனியில மாரடிச்சவன் சொல்றேன், எவனும் படிக்க மாட்டான். அங்கே கத்துக்கிட்ட பாஷை வேலையை விட்ட அன்னிக்கே மறந்துபோச்சு, ஆளுங்களை மறக்கலை.

— எங்க குழுத் தலைவரும் இதையேதான் சொல்றார். நீங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல படிச்சீங்களா?

— என்ன சொல்றார்?

— ஜெர்மன் பக்கங்களைப் படிச்சு ஒரே ஒருத்தராவது மெஷினை ஓட்டினார்னு ஆதாரம் காட்டணுமாம். காட்டலைனா இன்னிக்கு அஞ்சு மணியோட பூராத்தையும் எடுத்துடுவாங்களாம். அவரு எதையாவது ஸ்கேன் பண்ணியிருப்பார்ங்கறதுக்கே ஆதாரம் கிடையாது. ஒரு வாரம் ஒரு வரியிலேருந்து ‘தயவுசெய்து’வை எடுப்பார். மறு வாரம் மரியாதை ஞாபகம் வந்து திரும்ப வைப்பார். அவர் எடுத்தா நான் எடுக்கணும், அவர் வச்சா நான் வைக்கணும்.

— எடுக்கட்டுமே. பதினாறு வருஷத்துல ஒரு வாசகர் கடிதம் வந்திருக்கா?

— ஒண்ணு வந்தது.

— பாராட்டா?

— பல் டாக்டர் ஒருத்தர். பிடுங்கின பல்லை எந்தப் பக்கம் குப்புற வச்சு ஸ்கேன் பண்ணணும்னு கேட்டிருந்தார்.

— அதைக் காட்டுங்க ஆதாரமா.

— சிரிங்க, நல்லாச் சிரிங்க. கண் ஆபரேஷன் ஆன மூணாம் நாள், ஒத்தைக் கண்ணோட உக்காந்து எழுபது வரி சரி பண்ணவ நான். அதெல்லாம் யாருக்காகனு இன்னிக்கு ஒருத்தர் கேக்கறார். எனக்கும் பதில் தெரியலை.

— பதில் நான் சொல்றேன். யாருக்காகவும் இல்லை. என்னைப் பாருங்க, கையேட்டை விரலால தொட்டது கிடையாது. படிச்சுப் பார்த்து ரிப்பேர் பண்றவன் ரிப்பேர்காரனே இல்லை, குமாஸ்தா.

— அந்த விரல்தான் என் மெஷினை இந்த கதிக்கு ஆக்கியிருக்கு. உள்ளே என்னத்தை மாத்தினீங்க?

— தொழில் ரகசியம்.

— அண்ணிகிட்டயா? உங்க கல்யாணப் பத்திரிகையில மாமனார் பேரைத் திருத்திக் குடுத்ததே நான்தான்.

— சரி, உங்களுக்கு மட்டும். மெஷினோட அமைப்புக் கோப்புல, விளக்கு பழுக்கறதுக்குக் காத்திருக்கற நேரம்னு ஒரு வரி வரும். கம்பெனிக்காரன் அதுல நாலு வினாடினு போட்டு அனுப்புவான், மடப்பய. நான் நாப்பது போட்டேன்.

— நாப்பதா?

— நாப்பது. முப்பத்தொம்பது போட்டா எழுத்து மங்கும், நாப்பத்தொண்ணு போட்டாக் கருகும். ராப்பகலா மோந்து மோந்து கண்டுபிடிச்சது அண்ணி.

— மோந்து.

— கண்ணாடி சூடாகும்போது ஒரு வாசனை வரும். எல்லா மூக்குக்கும் எட்டாது. இந்த ஊர்ல ஓடற இதே மாடல் அத்தனையிலும் என்னோட நாப்பதுதான் ஓடுது. ஆஸ்பத்திரி, ரெஜிஸ்டர் ஆபீஸ், அந்த வக்கீல், எல்லா இடத்துலயும். ஜனங்க வரிசையில நின்னு முனகும். நல்ல மெஷின் நிதானமாத்தான் ஓடும்னு சொல்லி அனுப்பிடுவேன்.

— இங்கிலீஷ் கையேட்டுல என்ன இருக்கு?

— நாலு.

— பிரெஞ்சுல?

— அங்கேயும் நாலு. எல்லாம் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதற கும்பல்தானே.

— கையேட்டைத் தொடாத விரலுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கே.

— எல்லாம் கேள்வி ஞானம். ஏன் அண்ணி திடீர்னு டைப் அடிக்க ஆரம்பிச்சுட்டீங்க? தோத்துட்டேன்னு எழுதறீங்களா? மணி நாலே முக்கால்தான் ஆகுது, நிதானமாவே தோக்கலாம்.

— எழுதிக்கிட்டே ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எப்படியும் எடுக்கப் போறாங்க, சுத்தமாவாவது விட்டுட்டுப் போவோம்னு இன்னிக்குக் காலையில எல்லாப் பக்கத்தையும் இங்கிலீஷோட ஒப்பிட்டேன். ஏழு வருஷம் முன்னாடி நான் பண்ணின தப்பு ஒண்ணு கண்ணுல பட்டது. உங்க வக்கீல் மடியில வச்சுட்டு வந்த இந்த மாடலுக்குப் பக்கம் எழுதறப்போ, சோம்பல்பட்டு, ஒரு பெரிய மெஷினோட பத்தியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கேன். பேரை மாத்தினேன், நம்பரை மாத்த மறந்துட்டேன்.

— அதனால என்ன? யாரு பார்த்தா?

— அதானே. பெரிய மெஷினுக்கு நாப்பது வினாடி, இதுக்கு நாலு. நாப்பதுங்கற அந்தத் தப்பு உலகத்துலயே என்னோட ஜெர்மன் பக்கத்துல மட்டும்தான் இருக்கு.

— அண்ணி...

— மூக்கைச் சொறியாதீங்க தம்பி, நேரம் ஆகுது. ஆதாரம்ங்கற இடத்துல உங்க பேரைப் போடட்டுமா, கடைப் பேரைப் போடட்டுமா?